எரிக்கச் சொன்ன படமும் எஞ்சிய பிரதிகளும்

ஒரு திரைப்படத்துக்கு மரண தண்டனை விதிக்கலாமா? 1925ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜேர்மனிய நீதிமன்றமொன்று அத்தகையதொரு தீர்ப்பை வழங்கியது. 'நொஸ்ஃபெராது' என்னும் மௌனப் படத்தின் மூலச்சுருளும், அதிலிருந்து எடுக்கப்பட்ட எல்லாப் பிரதிகளும் அழிக்கப்பட வேண்டும் என்பது கட்டளை. அந்தக் கட்டளை முழுமையாக நிறைவேறியிருந்தால், இன்று இரத்தக் காட்டேரிப் படங்களின் தலைப்பிள்ளை என்று உலகம் கொண்டாடும் ஒரு படைப்பின் பெயர் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கும். அது நிறைவேறவில்லை. ஏன் நிறைவேறவில்லை, தப்பிய படம் எந்தக் கோலத்தில் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது என்ற வரலாறு, பறிகொடுத்துப் பழகிய நம்மைப் போன்ற ஒரு சமூகம் ஊன்றிப் படிக்க வேண்டிய வரலாறாகும்.

பேய்ப் படத்துக்கும் இலக்கியச் சஞ்சிகைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். நான் பேயைப் பற்றி எழுத வரவில்லை. பிரதியைப் பற்றி எழுத வந்தேன். ஏடும் நூலும் ஒளிநாடாவும் ஒரே விதிக்கு உட்பட்டவை. ஒன்றாக இருப்பது அழியும், பலவாக இருப்பது தப்பும், தப்பியது மாறியும் போகும்.

முதலில் வழக்கின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் 1897இல் வெளிவந்தது. அவர் 1912இல் காலமானார். பெரிய சொத்து எதுவும் இல்லாத அவரது மனைவி ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கருக்கு அந்த நாவலின் உரிமை முக்கியமான வருவாயாக இருந்தது. 1921இல் அல்பின் கிராவும் என்ரிக்கோ டீக்மனும் பெர்லினில் 'பிரானா ஃபில்ம்' என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். ஹென்றிக் கலீன் திரைக்கதை எழுத, எஃப். டபிள்யூ. முர்னோ இயக்க, மக்ஸ் ஷ்ரெக் காட்டேரியாக நடித்தார். டிராகுலா பிரபு 'ஓர்லொக் பிரபு' ஆனார். இலண்டன் மாநகரம் 'விஸ்போர்க்' என்ற கற்பனை ஜேர்மன் நகரமானது. பெயர்கள் மாறின, கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. மூல நாவலுக்குக் கடன்பட்டிருப்பதைப் படத்தின் எழுத்துகளிலேயே ஒப்புக்கொண்டவர்கள், அதற்கான அனுமதியை மட்டும் பெறவில்லை.

1922 மார்ச் 4ஆம் திகதி பெர்லின் மிருகக்காட்சிச்சாலையின் பளிங்கு மண்டபத்தில் படம் கோலாகலமாக அரங்கேறியது. அந்த விழாவின் நிகழ்ச்சிநிரல் யாரோ பெயர் சொல்லாத ஒருவரால் ஃபுளோரன்ஸ் அம்மையாரின் கைக்கு அனுப்பப்பட்டது. அவர் பிரித்தானிய எழுத்தாளர் சங்கத்தின் உதவியை நாடினார். வழக்கு இழுபட்டது. பிரானா ஃபில்ம் இந்த ஒரே படத்தோடு கடனில் மூழ்கியது. நட்டஈடு பெற வழியில்லை என்று ஆனபோதுதான், பணம் கிடைக்காவிட்டால் படமாவது இல்லாமல் போகட்டும் என்ற நிலைக்கு வழக்கு வந்தது. 1925இல் அழிப்புக் கட்டளை பிறந்தது.

இங்கே நாம் அவசரப்பட்டு அந்த விதவையைக் கொடுமைக்காரியாக்கிவிடக் கூடாது. திரைப்பட வரலாறு எழுதியவர்களில் சிலர் அப்படித்தான் எழுதினார்கள். எழுதுகிறவனின் உழைப்பு எழுதுகிறவனுக்கே சொந்தம் என்பதில் எழுத்தாளர்களாகிய நமக்கு இரண்டு கருத்து இருக்க முடியாது. அவர் கேட்டது நியாயம். ஆனால், களவைத் தண்டிப்பதற்குக் களவாடப்பட்ட கருவில் பிறந்த பிள்ளையைக் கொல்ல வேண்டுமா என்பது வேறு கேள்வி. சட்டம் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் பக்கத்திலேயே இதற்கு நேர் ஒப்பான ஒரு வழக்கு நடந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது நாகர்கோவில். 1956இல் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர் ராஜ், சி. வி. ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற மலையாள வரலாற்று நாவலான 'மார்த்தாண்ட வர்மா'வை மௌனப் படமாகத் தயாரித்தார். பி. வி. ராவ் இயக்கினார். 1933இல் திருவனந்தபுரம் கபிட்டல் திரையரங்கில் படம் வெளியானது. நாவலை வெளியிடும் உரிமை தங்களிடமே இருக்கிறது என்று கமலாலயா புக் டிப்போ என்ற பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. படம் திரையரங்கிலிருந்து இறக்கப்பட்டது. பெர்லின் வழக்குக்கும் திருவனந்தபுரம் வழக்குக்கும் இடையில் எட்டே ஆண்டுகள். நாவல், அனுமதியின்மை, வழக்கு, தடை என்ற வரிசையில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன.

முடிவில்தான் வேறுபாடு. திருவனந்தபுரத்தில் படச்சுருளை யாரும் எரிக்கவில்லை. வழக்கில் வென்ற பதிப்பகத்தின் கையிலேயே அது தங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1974இல், பூனாவில் இருந்த இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. அந்தக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி. கே. நாயர், இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,700 மௌனப் படங்களில் ஒன்பது மட்டுமே ஏதோவொரு வகையில் எஞ்சியதாகக் கூறி வந்தார். தென்னகத்தின் முதல் மௌனப் படம் என்று சொல்லப்படும் நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. ஜே. சி. தானியேலின் 'விகதகுமாரன்' இல்லை. வழக்கே தொடுக்கப்படாமல், தாராளமாக ஓடிய படங்கள் எல்லாம் மறைந்துபோயின. வழக்கில் சிக்கிச் சிறைப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' பிழைத்தது. எதிராளியின் அலுமாரி காப்பகமாகிய விந்தை இது. அழிக்கும் தீர்ப்புக்கும் அடைத்துவைக்கும் தீர்ப்புக்கும் உள்ள தூரம், ஒரு கலைப்படைப்பின் சாவுக்கும் வாழ்வுக்கும் உள்ள தூரம் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

அப்படியென்றால் எரிக்கச் சொல்லப்பட்ட 'நொஸ்ஃபெராது' எப்படித் தப்பியது? விடை எளிது. தீர்ப்பு வருவதற்கு முன்பே அது ஊரைவிட்டுப் போய்விட்டது. பிரான்சுக்கு ஒரு பிரதி போயிருந்தது. செக் நாட்டுக்கு ஒன்று போயிருந்தது. கட்டளை பிறந்த நாட்டின் எல்லைக்கு வெளியே இருந்தவற்றை எவராலும் தேடிப் பிடித்து முடிக்க இயலவில்லை. 1929இல் அமெரிக்காவில் படம் திரையிடப்பட்டது. அங்கே 'டிராகுலா' நாவலின் பதிப்புரிமைப் பதிவில் இருந்த குறைபாட்டால் அது பொதுச் சொத்தாகக் கருதப்பட்டது. 1930இல் 'பன்னிரண்டாவது மணி' என்ற பெயரில், காட்சிகள் கூட்டியும் மாற்றியும், ஒலியேற்றிய ஒரு பதிப்பும் வந்தது. சிதறியதால் பிழைத்தது என்பதே இதன் சுருக்கம்.

பிழைத்த படம் முழுசாகப் பிழைக்கவில்லை. இங்கிருந்துதான் வீட்டு ஒளிநாடாக்களின் கதை தொடங்குகிறது.

என்னிடம் இந்தப் படத்தின் மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, வெளிநாட்டிலிருந்து நண்பரொருவர் கொண்டுவந்து தந்த பழைய விஎச்எஸ் கசெட். இன்னொன்று டீவீடீ. மூன்றாவது புளூ-ரே தட்டு. மூன்றிலும் இருப்பது ஒரே படம் என்று சொன்னால் நம்புவது கடினம்.

முதலாவது வேறுபாடு வேகம். மௌனப் படங்கள் கையால் சுழற்றும் கமராவில் எடுக்கப்பட்டவை. ஒரு வினாடிக்குப் பதினெட்டுச் சட்டங்கள் என்ற அளவை ஒட்டியே அவை ஓடின. பேசும் படம் வந்தபின் இயந்திரங்கள் இருபத்து நான்கு சட்டங்களுக்கு நிலைப்பட்டுவிட்டன. மலிவு ஒளிநாடாக்களை வெளியிட்டவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படாமல் பழைய சுருளை அதே இருபத்து நான்கில் ஓடவிட்டுப் பதிவுசெய்தார்கள். விளைவு, மனிதர்கள் கோழிக்குஞ்சு போலத் தத்தித் தத்தி ஓடினார்கள். திருத்தமான பதிப்பில் சுமார் 94 நிமிடம் ஓடும் படம், மலிவு நாடாக்களில் ஒரு மணித்தியாலத்தை ஒட்டிச் சுருங்கியது. மௌனப் படம் என்றாலே சிரிப்புக்குரிய ஓட்டம் என்ற எண்ணம் நம் தலைமுறையில் பலருக்கு வந்ததற்கு இதுவும் காரணம். அது முர்னோவின் குற்றமல்ல, பிரதி எடுத்தவரின் குற்றம்.

இரண்டாவது வேறுபாடு நிறம். அக்காலத்தில் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, பிறகு சுருளை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். பார்ப்பவனுக்கு நீலம் என்றால் இரவு. மஞ்சள் பகலையும், இளஞ்சிவப்பு விடியலையும் குறிக்கும். பின்னாளில் கறுப்பு வெள்ளைச் சுருளில் பிரதி எடுத்தபோது அந்தச் சாயம் போய்விட்டது. ஓர்லொக் பிரபு தன் சவப்பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நகரத் தெருவில் நடக்கும் காட்சியை விஎச்எஸ் நாடாவில் பார்த்தால் அது பட்டப்பகல். வெயில் பட்டால் அழிந்துபோகும் காட்டேரி வெயிலில் நடக்கிறது! முழுப் படத்தின் தர்க்கமும் அங்கே உடைந்துவிடுகிறது. நீலம் திரும்பியபின் பார்த்தால் அதே தெரு நள்ளிரவாகிறது, அச்சமும் திரும்புகிறது.

இந்த இடத்தில் ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெயில் பட்டுக் காட்டேரி சாகும் என்பது ஸ்டோக்கரின் நாவலில் இல்லை. அங்கே டிராகுலா பகலில் நடமாடுவான், அவனது வலிமை மட்டும் குறையும். சூரிய ஒளியே அவனுக்கு மரணம் என்பது 'நொஸ்ஃபெராது' உண்டாக்கியது. களவெடுத்த படம் என்று எரிக்கச் சொன்ன அந்தப் படத்திலிருந்துதான் பின்வந்த காட்டேரிப் படங்களில் எத்தனையோ இந்த முடிவைக் கடன் வாங்கின.

மூன்றாவது வேறுபாடு எழுத்து. அமெரிக்கப் பிரதிகள் சிலவற்றில் இடையெழுத்துகளை மாற்றி, ஓர்லொக்கை மறுபடியும் 'டிராகுலா' ஆக்கியிருந்தார்கள். வழக்குக்குப் பயந்து மாற்றிய பெயர், வழக்கில்லாத நாட்டில் பழையபடி திரும்பி வந்தது. அந்தப் பிரதிகளின் வழிவந்த ஒளிநாடாக்களைப் பார்த்தவர்கள் ஓர்லொக் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

நான்காவது இசை. ஹான்ஸ் எர்ட்மன் 1922இல் இப்படத்துக்கென்றே எழுதிய இசை அப்படியே முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆகவே வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பதிப்பும் தனக்கென்று ஓர் இசையைத் தேடிக்கொண்டது. 1958இன் ஆங்கில 'டிராகுலா' படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பேர்னாட் 1990களில் இதற்கும் இசை எழுதினார். 1998இல் வந்த ஒரு நாடாவில் 'டைப் ஓ நெகட்டிவ்' என்ற ரொக் குழுவின் பாடல்களை ஏற்றிவிட்டார்கள். வேறு பலவற்றில் பொருத்தமில்லாத ஏதோ ஓர் ஓர்கன் சத்தம். ஒரே ஏட்டுக்குப் பத்துப் பேர் உரை எழுதியது போல.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பல தசாப்தங்கள் பொறுமையாக உழைத்தவர்கள் இருக்கிறார்கள். மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தின் என்னோ பட்டாலாஸ் 1980களில் பல நாட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு ஒரு பதிப்பை உருவாக்கினார். 1995இல் இத்தாலியின் பொலோன்யாவில் நிறங்களோடு இன்னொரு சீரமைப்பு நடந்தது. 2005 - 2006இல் முர்னோ அறக்கட்டளைக்காக ஸ்பானிய ஆய்வாளர் லூசியானோ பெரியத்துவா செய்த பதிப்பே இன்று பெரும்பாலும் வழங்குகிறது. அதன் உள்ளமைப்பைக் கவனியுங்கள். பாரிஸ் சினமாதெக்கில் இருந்த 1922ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிப் பிரதி அடிப்படை. அதில் விடுபட்ட காட்சிகள், செக் நாட்டுக்குப் போன பிரதியிலிருந்து 1939இல் எடுக்கப்பட்ட சுருளிலிருந்து. இன்னும் சில, 'பன்னிரண்டாவது மணி'யிலிருந்து. ஜேர்மன் இடையெழுத்துகள், 1922ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றிலிருந்து 1962இல் எடுத்த நகலிலிருந்து. நான்கு இடங்களில் சிதறிக்கிடந்த ஓர் உடலைச் சேர்த்துத் தைத்தார்கள். மூலச்சுருள் இன்றுவரை இல்லை. 2013இல் புளூ-ரே தட்டாக வீட்டுக்கு வந்தது இந்தத் தையல் வேலைதான்.

இந்த முறை தமிழுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியபோது ஊர் ஊராக ஏடு தேடியதும், ஓர் ஏட்டில் சிதைந்ததை இன்னோர் ஏட்டில் பார்த்து நிரப்பியதும் இதே வேலைதான். நம்மவர் பேராசிரியர் ம. மு. உவைஸ், இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று ஒன்று உண்டா என்று கேட்கப்பட்ட காலத்தில், எங்கெங்கோ கிடந்த நூல்களைத் தேடிப் பட்டியலிட்டு, அப்படியொன்று உண்டு என்று நிறுவியதும் இதே பொறுமையின் பாற்பட்டதே. முதலில் பட்டியல், பிறகு ஒப்பீடு, பிறகு பதிப்பு. படச்சுருளுக்கும் பனையோலைக்கும் ஒரே இலக்கணம்.

முஸ்லிம் நாடுகளின் திரைப்பட வரலாற்றிலும் இந்தக் காட்டேரிக்கு ஓர் இடம் உண்டு. துருக்கியில் 1953இல் மெஹ்மத் முஹ்தார் 'இஸ்தான்புலில் டிராகுலா' என்ற படத்தை எடுத்தார். அலி ரிசா சைஃபி 1928இல் எழுதிய துருக்கிய நாவல் அதன் மூலம். அந்த நாவலோ ஸ்டோக்கரின் கதையைத் தழுவியது. ஐரோப்பியப் படங்களில் காட்டேரியை விரட்டச் சிலுவையை நீட்டுவார்கள். துருக்கியப் படத்தில் அந்த வேலையை உள்ளிப்பூண்டு செய்கிறது. பாகிஸ்தானில் 1967இல் குவாஜா சர்ஃபராஸ் இயக்கிய 'ஸிந்தா லாஷ்' வெளிவந்தது. பேராசிரியர் தபானி என்ற விஞ்ஞானி சாவை வெல்லும் மருந்தைத் தேடிக் குடித்துக் காட்டேரியாகிறார். சாபத்தால் அல்ல, இறைவனின் நியதியில் கைவைத்த ஆணவத்தால் வந்த கேடு என்ற வகையில் கதை உள்ளூர் மனத்துக்கு ஏற்பத் திருப்பப்பட்டிருக்கிறது. பாகிஸ்தானிலேயே மறக்கப்பட்டுக் கிடந்த இந்தப் படத்தை 2003இல் 'மொண்டோ மகாப்ரோ' என்ற பிரித்தானிய வெளியீட்டாளர்கள் டீவீடீயாகக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகே உலகம் அதைப் பேசியது. ஒரு நாட்டின் படம் இன்னொரு நாட்டின் வீட்டு அலுமாரி வழியாக உயிர் பெற்றது இங்கேயும்.

இப்போது நம் முற்றத்துக்கு வருவோம்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982இல் வந்தது. அதை ஒட்டியே வீடியோ டெக் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வந்து சேர்ந்தது. எண்பதுகளில் சாவகச்சேரியில் வளர்ந்த எங்களுக்கு டெக் என்பது ஓர் இரவுத் திருவிழா. டீவீயும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று படம் பார்த்து, விடியக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முற்றத்தில் பாய் விரித்து அயலவர் எல்லோரும் இருப்பார்கள். தமிழ்நாட்டுப் படங்களோடு, எப்போதாவது ஓர் ஆங்கிலப் பேய்ப் படமும் கூட வரும். எல்லாம் கொப்பியின் கொப்பி. ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடாவுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் மங்கும், நிறம் வழியும், குரல் கரகரக்கும். அதைப் பற்றி யாரும் முறையிட்டதில்லை. படம் இருக்கிறதே என்பதுதான் பெரிது.

1990இன் நடுப்பகுதியோடு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி சாவகச்சேரி முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் எங்கள் ஊரில்தான் தொடங்கியது. அந்த மாத முடிவுக்குள் வடக்கு முழுவதும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அகதிகளானார்கள். அதைப் பற்றி இங்கே நிறைய எழுதப்பட்டுவிட்டது. இனியும் எழுதப்படும். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஒரு சிறு செய்தி மட்டும். கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவற்றில் கலியாணக் கசெட்டும் குடும்பப் படமும் பெரும்பாலும் இருக்கவில்லை. உறுதிப்பத்திரம் இல்லாமல்போனவர்கள் காணியை நிரூபிக்கப் பட்ட பாட்டை நாம் அறிவோம். காணொளி இல்லாமல்போனவர்கள், ஒரு வீட்டின் முற்றம் எப்படி இருந்தது, வாப்பா எப்படிச் சிரித்தார் என்பதைத் தம் பிள்ளைகளுக்கு நிரூபிக்க முடியாமல் இருக்கிறார்கள்.

1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து வந்தார்கள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே சிதைந்தது. வந்தவர்களும் இருந்தவர்களும் ஓடினார்கள். இழப்பு எவருக்கும் தனியுடைமையல்ல. அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு இடப்பெயர்வும் ஒவ்வொரு வீட்டின் நாடாப் பெட்டியையும் ஒருமுறை சலித்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1983 ஜூலையில் ஹெந்தளையில் சினிமாஸ் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. ஒரு தமிழர் கட்டிய அந்த ஸ்டூடியோவில் எரிந்த சுருள்களில் சிங்களப் படங்களும் இருந்தன. தீ மொழி பார்த்து எரிவதில்லை. பெர்லினில் படத்தை அழிக்க நீதிமன்றம் வேண்டியிருந்தது, மூன்று ஆண்டு வழக்கு வேண்டியிருந்தது, அப்படியும் முடியவில்லை. இங்கே தீர்ப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இலங்கைத் தமிழ்ப் படங்கள் தொகையில் குறைவு. அதனாலேயே ஒவ்வொன்றும் பெறுமதி மிக்கது. தம்பிஐயா தேவதாஸ் தமது 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை'யில் அவற்றை ஒவ்வொன்றாகப் பதிந்துவைக்காதிருந்தால், சிலவற்றின் பெயரும் நமக்குத் தெரிந்திராது. வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972இல் வந்தது. காவலூர் இராஜதுரையின் எழுத்தில், தர்மசேன பத்திராஜா என்ற சிங்களக் கலைஞர் யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் நேருக்கு நேர் பார்த்து எடுத்த 'பொன்மணி' 1977இல் வந்தது. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய 'வாடைக்காற்று' 1978இல் வந்தது. நான் பார்த்த 'பொன்மணி', பதிவின் பதிவிலிருந்து எடுத்தது என்று பார்த்த உடனே தெரியும் மங்கிய பிரதி. முகங்கள் வெள்ளைப் புள்ளிகளாகக் கரைந்திருந்தன. ஆனாலும் அது இருந்தது. அது இருந்ததால்தான் எழுபதுகளின் யாழ்ப்பாணத் தெருவையும், அதில் போகும் சைக்கிளையும், வேலியையும், கோயில் வீதியையும் என் பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்தது.

இந்த மங்கிய பிரதிகளை நாம் இழிவாக நினைக்கிறோம். 'நொஸ்ஃபெராது' வரலாறு சொல்வது வேறு. சீரமைப்பவனுக்கு வேண்டியது எல்லாம் ஓரிடத்தில் அழகாக இருக்கும் ஒரு பிரதி அல்ல. நான்கு இடத்தில் கிடக்கும் நான்கு குறைப் பிரதிகள் போதும். ஒன்றில் காட்சி இருக்கும், ஒன்றில் எழுத்து இருக்கும், ஒன்றில் நிறம் இருக்கும். நம்மிடம் உள்ள மோசமான கொப்பியில் மட்டும் ஒரு காட்சி எஞ்சியிருக்கலாம். அதை எறிந்தவன் எதை எறிந்தான் என்பது அவனுக்கே தெரியாது.

அண்டையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமய்' (1978) சீரமைக்கப்பட்டு 2025இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. மும்பையைச் சேர்ந்த ஃபில்ம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அந்தப் பணியைச் செய்தது. அதே ஆண்டில் வந்த 'வாடைக்காற்று'க்கும், அதற்கு முந்திய ஆண்டின் 'பொன்மணி'க்கும் அத்தகைய மரியாதை கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல. கேட்பதற்கு முன் நாம் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

முதலாவது, நேரம் குறைவு என்பதை உணர்தல். விஎச்எஸ் நாடா காந்தப் பூச்சில் எழுதப்பட்டது. நம் கரையோரக் காற்றில் அதில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த நாடாவை டெக்கில் போட்டால் டெக்கின் தலையும் கெடும், நாடாவும் அறும். டெக்குகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்போது உலகில் ஓடிக்கொண்டிருப்பவை பழைய டெக்குகள் மட்டுமே. நாடா இருந்தும் வாசிக்கக் கருவி இல்லாத நாள் தொலைவில் இல்லை. படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் கிடக்கும் அறபுத்தமிழ் ஏடுகளைப் பார்த்த நமக்கு இந்த நிலை புதிதல்ல.

இரண்டாவது, பட்டியல். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் மின்வடிவாக்கி வைத்திருக்கிறது. எரிந்த நூலகத்துக்கு நம் காலம் சொன்ன மிகச் சிறந்த பதில் அது. அதே அக்கறை ஒளிநாடாவுக்கும் வர வேண்டும். ஒவ்வோர் ஊரிலும், யார் வீட்டில் என்ன நாடா இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது, எப்போது பதிந்தது என்று ஒரு கொப்பிப் புத்தகத்தில் எழுதுவதற்குப் பணம் வேண்டியதில்லை. பாடசாலை இல்லத்து விளையாட்டுப் போட்டி, மீலாத் விழா, கவியரங்கு, ஒரு நிக்காஹ், ஒரு நாடக ஒத்திகை எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். புத்தளத்து அகதிக் குடியிருப்புகளிலும், கொழும்பிலும், இலண்டனிலும், ரொறொன்ரோவிலும் உள்ள நம்மவர் வீடுகளில் சாவகச்சேரியின், சோனகத் தெருவின், எருக்கலம்பிட்டியின் எத்தனை மணித்தியாலங்கள் உறங்குகின்றன என்பதைக் கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவது, பகிர்தல். நம்மில் பலர் அரிய பிரதியைப் பூட்டிவைத்திருப்பதையே அதைக் காப்பது என்று எண்ணுகிறோம். பூட்டிய பெட்டியும் ஒரே பெட்டிதான். ஒரு வெள்ளம், ஒரு தீ, ஓர் இரவு அவகாசம் தந்த ஓர் அறிவித்தல் போதும். ஒன்றை மூன்றாக்கி, மூன்றை மூன்று ஊரில், முடிந்தால் மூன்று நாட்டில் வைக்க வேண்டும்.

நான்காவது, உரிமை. ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கரை மறக்கலாகாது. பாதுகாக்கிறோம் என்ற பெயரில் எழுதியவரையும் எடுத்தவரையும் கேளாமல் சந்தைப்படுத்துவது பழைய களவேயாகும். ஒரு குடும்பத்தின் கலியாண நாடாவை அவர்கள் அறியாமல் ஊருக்குக் காட்டுவதும் அப்படியே. பாதுகாத்தல் வேறு, வெளியிடுதல் வேறு. முதலாவதற்குக் காத்திருக்கக் கூடாது. இரண்டாவதற்கு உரியவர்களிடம் கேட்டே ஆக வேண்டும். திருவனந்தபுரத்துப் பதிப்பகம் தன் உரிமையையும் விடவில்லை, சுருளையும் எரிக்கவில்லை. அந்த நிதானம் நமக்கு வேண்டும்.

பெர்லின் நீதிமன்றம் அழிக்கச் சொன்ன படத்தை இன்று ஒரு தட்டில் வாங்கி வீட்டில் போட்டுப் பார்க்கலாம். யாரும் அழிக்கச் சொல்லாத நம் படங்கள் பலவற்றை அப்படிப் பார்க்க முடியவில்லை. அழிப்பவனிடமிருந்து தப்பியவை உண்டு, ஆனால் அலட்சியத்திடமிருந்து எதுவும் தானாகத் தப்பியதில்லை. இதை வாசிப்பவர் வீட்டில் ஒரு பழைய நாடா இருக்குமானால், இந்த வாரமே அதை வெளியில் எடுத்து, ஈரம் துடைத்து, அதன் முதுகில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவைக்க வேண்டுகிறேன். மற்றவை அதன் பிறகு.